அகதி அந்தஸ்து கிடைத்தாயிற்று, இனி இருக்க இடம்: இங்கிலாந்தில் முதல் 28 நாளுக்கான வழிகாட்டி

அகதி, விசா அலுவல்களைப் பார்க்கும் அரசாங்கத் திணைக்களமான ஹோம் ஒபிஸ் தந்த அறையில் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் உங்கள் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வருகிறது. லோயருக்குச் சொல்லி, ஊருக்குப் போன் எடுத்து எல்லோரும் அழுது முடிப்பதற்குள் அடுத்த கடிதமும் வந்துவிடும். தந்த அறையும் கிழமைக் காசும் இன்ன தேதியோடு நிற்கும் என்று அதில் இருக்கும். சந்தோஷத்தில் பலர் அந்த இரண்டாவது கடிதத்தைச் சரியாக வாசிப்பதே இல்லை.

நானும் இந்த வழியால் வந்தவன். பிறகு சொந்தக்காரர், தெரிந்த பிள்ளைகள் என்று பலரோடு கவுன்சில் (உள்ளூராட்சி) கந்தோர்களில் காத்திருந்திருக்கிறேன். கேட்டால் கிடைக்கக்கூடிய உதவியை, எங்கே எப்போது கேட்பது என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் இழப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துதான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளவை இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் வீட்டுச் சட்டம் வேறு.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

சட்டத்தில் உள்ள அவகாசம் 28 நாள். 2024 டிசம்பரில் இதைப் பரீட்சார்த்தமாக 56 நாள் ஆக்கினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து தனி ஆட்களுக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள். அதனால் "எனக்கு இரண்டு மாதம் தந்தார்களே" என்று நண்பர் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள தேதிதான் உங்களுக்குக் கணக்கு. கலண்டரில் குறியுங்கள், போனிலும் போட்டு வையுங்கள்.

ஆதரவு நிறுத்தும் கடிதம் வராவிட்டால் அகதிக் கோரிக்கையாளருக்கு உதவும் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இலக்கம் 0808 8010 503. இலவசம், எந்த நேரமும் எடுக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். வீட்டைப் பராமரிக்கும் நிறுவனமும், சேர்கோவோ மியர்ஸோ கிளியர்ஸ்பிரிங்ஸோ எதுவானாலும், வெளியேறச் சொல்லித் தனியாக ஒரு நோட்டீஸ் தரும். அது கதவடியில் கிடந்தாலும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கவுன்சிலில் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒரு கோப்பு வாங்கி இவற்றை அதில் போடுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து உங்கள் ஈமெயிலுக்கும் அனுப்பி வையுங்கள்:

- அந்தஸ்து தந்த கடிதம்
- ஆதரவு நிற்கும் தேதி உள்ள கடிதம்
- வெளியேறச் சொல்லும் நோட்டீஸ்
- அகதி விண்ணப்பதாரருக்குத் தந்த ஏஆர்சி கார்ட்
- ஜிபி (குடும்ப டொக்டர்), ஆஸ்பத்திரி, மனநல சிகிச்சைக் கடிதங்கள்
- அகதிக் கோரிக்கைக்காக டொக்டர் எழுதிய மருத்துவ அறிக்கை
- பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கடிதம்

2. ஈவிசாவைத் திறந்து பெயரைச் சரிபாருங்கள்

முன்பு கையில் ஒரு பிளாஸ்டிக் கார்ட் தருவார்கள். இப்போது எல்லாம் ஒன்லைன்தான். ஹோம் ஒபிஸின் விசாப் பிரிவான யூகேவிஐ-யின் கணக்கைத் திறந்து உள்ளே போனால் உங்கள் ஈவிசா, அதாவது ஒன்லைன் விசா, இருக்கும். வீட்டுக்காரருக்கும் வேலை தருபவருக்கும் காட்ட அங்கிருந்துதான் ஷெயார் கோட், அதாவது உங்கள் விசாவை அவர்கள் ஒன்லைனில் பார்ப்பதற்கான குறியீடு, எடுக்க வேண்டும். வீடு வாடகைக்கு எடுக்கும் கோட் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும், வேலைக்குரியது 'டபிள்யூ', மற்றத் தேவைகளுக்கு 'எஸ்'. வேலைக் கோட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்தால் அவரால் பார்க்க முடியாது. அதைப் பார்த்து உங்களுக்கு விசாவே இல்லை என்று அவர் நினைத்துவிட இடமுண்டு. ஒரு கோட் 90 நாளுக்குச் செல்லும், எத்தனை தடவையும் புதிதாக எடுக்கலாம்.

எங்கள் ஆட்களுக்கு வரும் தலையிடி பெயர்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரை முன்னால் போடுகிறோம். ஈவிசாவில் அது ஒரு மாதிரி, ஜிபியில் இன்னொரு மாதிரி, வங்கியில் வேறொரு மாதிரி என்று ஆகிவிடும். ஈவிசாவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசையில் எல்லா இடத்திலும் கொடுங்கள். ஈவிசாவிலேயே பிறந்த தேதியோ பெயரோ பிழை என்றால் அன்றைக்கே ஒன்லைனில் பிழையை அறிவியுங்கள், லோயருக்கும் சொல்லுங்கள். இதைத் திருத்தச் சுணங்கும். ஆனால் அது வரும்வரை மற்ற அலுவல்களை நிறுத்தி வைக்க வேண்டாம்.

3. அதே கிழமையில் யூனிவர்சல் கிரெடிட்

கணக்கைப் பாருங்கள். வருமானம் இல்லாதவருக்கும் குறைந்தவருக்கும் அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவிக் காசுதான் யூனிவர்சல் கிரெடிட். அதற்கு விண்ணப்பித்து முதல் காசு கையில் வர ஏறக்குறைய 5 கிழமை. அறை நிற்பது 28 நாளில், அதாவது 4 கிழமையில். முதல் நாளே விண்ணப்பித்தாலும் காசு வருமுன் வெளியே நிற்பீர்கள். ஒவ்வொரு நாள் பிந்தினாலும் இந்த இடைவெளி ஒரு நாள் கூடும், பழைய நாட்களுக்குச் சேர்த்துத் தருவதும் அரிது.

வேலைக்கும் வரிக்கும் ஆளுக்கு ஒன்றாகத் தரும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த பிறகு அந்த அலுவலையும் அவர்களே பார்ப்பார்கள். "இலக்கம் வந்த பிறகு வாருங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அகதி அந்தஸ்து உள்ளவருக்கு இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்திருக்க வேண்டும் என்ற வதிவிடச் சோதனையும் இல்லை.

யூனிவர்சல் கிரெடிட்டைப் பார்க்கும் கந்தோரான ஜொப்சென்டரில் முதல் சந்திப்பிலேயே அட்வான்ஸ் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு வரக்கூடிய முழுத் தொகை வரை தருவார்கள். அது கடன்தான், வட்டி இல்லை. 24 மாதம் வரை மாதாமாதம் கழிப்பார்கள். முழுவதையும் எடுத்தால் பின்னால் ஒவ்வொரு மாதமும் கை இறுக்கும் என்பது உண்மை. ஆனால் அறைக்குக் கட்ட வேறு வழி இல்லாதபோது அதை எடுப்பதுதான் சரி என்பேன்.

வங்கிக் கணக்கை இப்போதே, ஹோம் ஒபிஸ் அறையின் விலாசம் உங்களுக்கு இருக்கும்போதே திறந்துவிடுங்கள். விலாசம் போன பிறகு திறப்பது பெரிய பாடு. ஒரு வங்கி மறுத்தால் அடுத்ததில் அடிப்படைக் கணக்கு வேண்டும் என்று கேளுங்கள்.

4. கவுன்சிலுக்குப் போங்கள், இருக்கும் ஊரிலேயே

எங்கள் ஆட்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் தவறவிடும் இடம் இது. "பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு அண்ணா என்னிடம் சொன்னார். சட்டம் உங்களுக்குத் தந்திருப்பதைத்தான் கேட்கிறீர்கள். அதில் குனிய ஒன்றுமில்லை.

சட்டம் சொல்வது இது: 56 நாளுக்குள் வீடற்றுப் போகக்கூடிய நிலையில் இருப்பவர் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். அப்படி ஆகாமல் தடுக்கக் கவுன்சில் முயற்சி எடுக்க வேண்டும். உங்கள் 28 நாள் இந்த 56-க்குள் அடங்குகிறது. ஆகவே அந்தஸ்துக் கடிதம் வந்த கிழமையே போகலாம். கடைசி நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று பெரும்பாலான கவுன்சில்களில் ஒன்லைன் படிவம் இருக்கிறது. அதை நிரப்பி, சமர்ப்பித்த பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

எந்தக் கவுன்சில்? ஹோம் ஒபிஸ் செக்‌ஷன் 95 ஆதரவின் (கோரிக்கை முடியும்வரை தரும் அறையும் காசும்) கீழ் கடைசியாக உங்களை எந்த ஊர் வீட்டில் வைத்ததோ, அந்த ஊர்க் கவுன்சிலோடு உங்களுக்குச் சட்டப்படி உள்ளூர்த் தொடர்பு உண்டு. நீங்கள் தெரிவு செய்த ஊர் அல்ல என்பதால் அது இல்லாமல் போகாது.

தொலைபேசியில் எடுத்த எடுப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இலங்கைத் தமிழ் என்று சேர்த்துச் சொல்வது நல்லது. ஆங்கிலம் ஓரளவு வரும் என்றாலும் கேளுங்கள், ஏனென்றால் அங்கே உங்கள் உடம்பையும் மனதையும் பற்றிக் கதைக்க வேண்டி வரும். பக்கத்து அறைப் பொடியனைக் கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்ல மாட்டீர்கள். சொல்லாமல் விட்டது கோப்பில் ஏறாது.

இப்போது முக்கியமானது. கவுன்சில் எல்லோருக்கும் ஆலோசனையும், உங்களுக்கென்று எழுதிய ஒரு வீட்டுத் திட்டமும் தர வேண்டும். ஆனால் உடனே தற்காலிக இடம் தர வேண்டிய கடமை முன்னுரிமைத் தேவை உள்ளவர்களுக்குத்தான். பிள்ளைகள் இருந்தால், கர்ப்பமாக இருந்தால், வீட்டு வன்முறையால் வீடற்றுப் போயிருந்தால் அது தானாகவே வரும். தனி ஆள் என்றால் வயது, நோய், மனநிலை போன்ற காரணத்தால், வீடற்றுப் போனால் சாதாரண ஆளைவிடக் கணிசமாக அதிகம் பாதிக்கப்படுவீர்கள் என்று காட்ட வேண்டும். 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இது.

சிறையிலோ முகாமிலோ அடிபட்டு வந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! இரவில் நித்திரை இல்லை, சத்தம் கேட்டால் நடுக்கம், மருந்து எடுக்கிறார்கள். அதையெல்லாம் ஹோம் ஒபிஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக் கவுன்சிலில் "ஐ ஆம் ஓகே" என்று சொல்லிவிட்டு வருவார்கள். ஹோம் ஒபிஸ் கோப்பு கவுன்சிலுக்குப் போவதில்லை. அகதிக் கோரிக்கைக்காக டொக்டர் எழுதிய அறிக்கை, தழும்புகளையும் மனப் பாதிப்பையும் விவரித்த அந்த அறிக்கை, லோயரிடம் இருக்கும். கொப்பி கேட்டு வாங்கிக் கவுன்சிலுக்குக் கொடுங்கள். ஜிபியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நோயின் பெயரோடு நிற்காமல், வீதியில் இருந்தால் இவருக்கு என்ன நடக்கும் என்பதையும் ஜிபி எழுத வேண்டும். சில ஜிபிகள் கடிதத்துக்குக் காசு கேட்பார்கள். கட்ட முடியாவிட்டால் உங்கள் மருத்துவப் பதிவுகளின் கொப்பியைக் கேளுங்கள், அதை இலவசமாகத் தர வேண்டும்.

கவுண்டரில் கேட்கும் மறுப்புகள் சில எனக்கு மனப்பாடம்.

"வெளியேறும் நோட்டீஸ் இல்லாமல் வராதே." ஆதரவு நிற்கும் கடிதத்தைக் காட்டுங்கள், 56 நாளுக்குள் வீடு போகிறது என்பதற்கு அது ஆதாரம்.

"தனி ஆள், ஒன்றும் செய்ய முடியாது." விண்ணப்பத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். முன்னுரிமை இல்லை என்று முடிவெடுத்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

"வேறு கவுன்சிலுக்குப் போ." அதையும் எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் கையில் இருந்தால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. மறுத்த அன்றைக்கே வீட்டுப் பிரச்சினைக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் அமைப்பின் 0808 800 4444 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பக்கத்திலுள்ள சட்ட உதவி நிலையமான லோ சென்டருக்குப் போங்கள். வீடற்றுப் போகும் கேஸ்களுக்கு லீகல் எய்ட் (வக்கீல் செலவை அரசாங்கம் ஏற்பது) உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவருக்கு அது கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்கொட்லாந்தில் முன்னுரிமைத் தேவை என்ற சோதனை 2012 முடிவோடு போய்விட்டது. தனி ஆளுக்கும் தற்காலிக இடம் கேட்கும் உரிமை அங்கே உண்டு. அதை விட்டுவிட்டு அவசரப்பட்டு லண்டன் பஸ் ஏற வேண்டாம்.

5. லண்டனுக்குப் போவதற்கு முன்

மிடில்ஸ்பரோவிலோ போல்டனிலோ இருந்தவருக்கு அந்தஸ்து கிடைத்ததும் ஈஸ்ட்ஹாமில் உள்ள மாமா "இங்கே வா, பார்த்துக்கொள்ளலாம்" என்பார். அன்போடுதான் கூப்பிடுகிறார். கோயில், கடை, வேலை எல்லாம் அங்கேதான். போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்ன கைவிட்டுப் போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

தேதிக்கு முன்பே அறையை விட்டுப் போனால், இருந்த இடத்தைத் தானாக விட்டவர் என்று கவுன்சில் வாதிடலாம். லண்டன் கவுன்சிலில் போய் விண்ணப்பித்தால், அங்கே உள்ளூர்த் தொடர்பு இல்லை என்று உங்களைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். மாமா வீட்டு சோபாவில் ஆறு மாதம் படுத்த பிறகு மாமி முகம் சுளிக்கும்போது அந்த ஊரில் உங்களுக்கு ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் இருக்கும் ஊர்க் கவுன்சிலில் விண்ணப்பத்தைப் போட்டு, அதன் முடிவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: சொந்தக்காரர் வீட்டு சோபாவில் இருப்பவரும் சட்டப்படி வீடற்றவராகக் கணக்கில் வரலாம். ஏற்கெனவே அப்படி இருக்கிறீர்கள் என்றால் கதை முடிந்துவிடவில்லை. மாமாவிடம் "இன்ன தேதிக்குப் பிறகு வைத்திருக்க முடியாது" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கவுன்சிலுக்குப் போங்கள். கடிதம் எழுத மாமா கூச்சப்படுவார். உறவை முறிக்க அல்ல, கவுன்சிலுக்குக் காட்டத்தான் என்று விளக்குங்கள்.

வாடகைக் கணக்கையும் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கு என்று ஊருக்கு ஊர் ஓர் உச்ச அளவு இருக்கிறது. அரசாங்க இணையத்தளத்தில் போஸ்ட்கோட் போட்டுப் பார்க்கலாம். 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட தனி ஆளுக்குப் பொதுவாகப் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான அளவுதான் தருவார்கள், தனி வீட்டுக்கு அல்ல. இந்த அளவுகளைக் கடைசியாக 2024 ஏப்ரலில்தான் கூட்டினார்கள். லண்டன் அறை வாடகை அதற்குப் பிறகு நிற்கவில்லை.

6. அறை எடுக்கக் கையில் எவ்வளவு வேண்டும்

மாதம் 650 பவுண் அறை என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 150 வருகிறது. சட்டப்படி டெபாசிட் 5 கிழமை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதாவது 750. முதல் மாத வாடகை 650. மொத்தம் 1,400 பவுண். அறையைப் பிடித்து வைக்கக் கேட்கும் முன்பணம் ஒரு கிழமை வாடகைக்கு மேல் போகக் கூடாது, பிறகு அதை இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும். ஏஜென்சி கட்டணம், ஒப்பந்தக் கட்டணம், பின்னணி பார்க்கும் செக் கட்டணம் என்று வேறெதுவும் வாங்க 2019 சட்டம் விடுவதில்லை. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்பதற்கும் தடை. பெனிஃபிட் எடுக்கிறார், பிள்ளை இருக்கிறது என்று காரணம் காட்டி வீடு தர மறுக்கவும் கூடாது.

இந்த 1,400-ஐ எங்கே பிடிப்பது?

கவுன்சிலிடம் முதலில் கேளுங்கள். பல கவுன்சில்கள் டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் கட்டும், அல்லது வீட்டுக்காரருக்கு உத்தரவாதக் கடிதம் தரும். கேட்காதவருக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

அடுத்தது ஹோம் ஒபிஸின் அகதிகளுக்கான இன்டகிரேஷன் கடன். வட்டி இல்லை. தனி ஆளுக்கு 500 பவுண் வரை, தம்பதிக்கு 780 வரை. வாழ்நாளில் ஒரு தடவைதான். உடனே வரும் காசு அல்ல இது, ஆகவே அந்தஸ்து வந்த கிழமையே விண்ணப்பியுங்கள். இதற்கு மேல் முன்பு சொன்ன அட்வான்ஸ். இவற்றையும் கவுன்சில் உதவியையும் சேர்த்தால், ஊரில் நகை அடகு வைத்து உண்டியல் என்ற கைமாற்று வழியால் காசு எடுக்காமல் சமாளிக்க முடியும்.

அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பவுண்கூட அனுப்ப வேண்டாம். ஃபேஸ்புக்கில் அழகான படம், மலிவான வாடகை, "வீட்டுக்காரர் வெளிநாட்டில், சாவியைத் தபாலில் அனுப்புவார்" என்ற கதை எல்லாம் களவு.

7. எங்கள் ஆட்களின் வீட்டில் அறை எடுப்பதானால்

ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், மிச்சம் பக்கம் கடைக் கண்ணாடியில் தமிழில் எழுதி ஒட்டிய அறை விளம்பரம் பார்க்கலாம். உத்தரவாதம் தர ஆள் கேட்க மாட்டார்கள், கிரெடிட் செக் இல்லை, சமைக்கலாம், மொழிப் பிரச்சினையும் இல்லை. முதல் ஆறு மாதத்துக்கு நல்ல வழி. நல்ல மனுஷர் பலர் இப்படி இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் "காசாகத் தா தம்பி, கடிதம் ஒன்றும் கேட்காதே" என்று சொன்னால் அந்த அறையை எடுக்க வேண்டாம். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக் காசு வராது. மாதம் 650 உங்கள் சாப்பாட்டுக் காசிலிருந்து போகும். வீட்டுக்காரர் பெயர், விலாசம், வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பது உள்ள ஒரு பக்கக் கடிதமே போதும். வாடகையை வங்கியால் அனுப்புங்கள்.

வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, சமையலறையைச் சேர்ந்து பாவித்தால், நீங்கள் சட்டத்தில் லொட்ஜர். நீதிமன்றம் போகாமலே நியாயமான அவகாசம் தந்து உங்களை வெளியேற்றலாம். டெபாசிட் பாதுகாப்புச் சட்டமும் அங்கே பொருந்தாது. அதனால் அப்படிப்பட்ட வீட்டில் பெரிய டெபாசிட் கொடுக்காதீர்கள், கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள். அண்ணா, அக்கா போன்ற நெருங்கிய உறவின் வீட்டிலேயே அவர்களோடு இருந்துகொண்டு வாடகை கொடுத்தால், அந்த வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிட் தரவே மாட்டார்கள்.

8. தேதி வந்தும் இடம் இல்லையென்றால்

அன்று காலையே பைகளோடு கவுன்சிலுக்குப் போய், "இன்று இரவு படுக்க இடமில்லை" என்று சொல்லுங்கள். கந்தோர் பூட்டிய பிறகு என்றால் கவுன்சிலின் அவசர இலக்கத்துக்கு எடுங்கள். முன்னுரிமைத் தேவை இருக்கக்கூடும் என்று நம்ப இடமிருந்தாலே, விசாரணை முடியுமுன் தற்காலிக இடம் தர வேண்டும்.

ரெஃபியூஜீஸ் அட் ஹோம் என்ற அமைப்பு, வீட்டில் ஓர் அறையைத் தரத் தயாரான குடும்பங்களோடு அகதிகளைச் சேர்த்து வைக்கிறது. தேதிக்கு இரண்டு கிழமை முன்பே உங்களுக்கு உதவும் தொண்டர் அமைப்பு மூலம் விண்ணப்பியுங்கள். வீடற்ற அகதிகளுக்கு உதவும் அமைப்புகள் சேர்ந்த நாகொம் வலையமைப்பின் உறுப்பு அமைப்புகள் பல ஊர்களில் இடம் வைத்திருக்கின்றன. வெளியில் படுக்க வேண்டி வந்துவிட்டால் ஸ்ட்ரீட்லிங்க் இணையத்தளத்தில் நிற்கும் இடத்தைப் பதியுங்கள், கவுன்சிலின் வீதிக் குழு தேடி வரும். குளிர் பூச்சியத்துக்கு இறங்கும் இரவுகளில் முன்னுரிமை பாராமல் கவுன்சில்கள் அவசரத் தங்குமிடம் திறப்பது வழக்கம். அதையும் கேளுங்கள்.

9. சாவி கையில் வந்த அன்று

பொருள் வைக்குமுன் சுவர், மெத்தை, குளியலறை, உடைசல் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். மீட்டர் இலக்கத்தையும் எடுங்கள். அன்றைக்கே யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் புதிய விலாசத்தையும் வாடகையையும் பதியுங்கள். பிந்தினால் அந்த மாத வாடகைக் காசு போய்விடும். யூகேவிஐ கணக்கு, வங்கி, ஜிபி, லோயர் எல்லோருக்கும் விலாசத்தை மாற்றுங்கள்.

லொட்ஜராக இல்லாமல் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால், டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். தராவிட்டால் அந்தத் தொகையின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். கவுன்சில் டாக்ஸ் (கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) அறை வாடகையில் அடங்குமா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். முழு வீட்டை எடுத்துத் தனியாக இருந்தால் 25 வீதக் கழிவு உண்டு, குறைந்த வருமானத்துக்கு மேலும் குறைப்பார்கள், இரண்டுக்கும் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.